மெல்லிய குரலும் ஒரு டேப் ரெக்கார்டரும்: நிக் ட்ரேக்

நிக் ட்ரேக் என்ற பெயரை நீங்கள் கேள்விப்படாமல் இருந்தால் ஆச்சரியமில்லை. அவர் உயிரோடு இருந்தபோது அவருடைய சொந்த நாடான இங்கிலாந்திலேயே ரொம்பப் பேருக்கு அவரைத் தெரியாது. மொத்தம் மூன்று ஆல்பம். அந்தக் காலத்தில் ஒவ்வொன்றும் 5,000 பிரதிகளைக்கூடத் தாண்டவில்லை என்பார்கள். 26 வயதில் இறந்துபோனார். ஆனால் இன்றைக்கு ஒரு அக்கூஸ்டிக் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு, ரூம் கதவைச் சாத்திவிட்டு, பாடி ரெக்கார்ட் பண்ணுகிற பசங்க உலகம் பூராவும் அவரைத்தான் தேடிப் போய்க் கேட்கிறார்கள். நீங்களும் அந்த மாதிரி ஆள் என்றால், இந்தக் கதை உங்களுக்குத்தான்.

ரங்கூனில் பிறந்தவர்

நிக் பிறந்தது 1948 ஜூன் 19, ரங்கூனில். நம்ம ஊர்த் தாத்தா பாட்டிகள் கதையில் வருமே, அதே ரங்கூன்தான். அப்பா ராட்னி ட்ரேக் ஒரு இன்ஜினியர். பாம்பே பர்மா ட்ரேடிங் கார்ப்பரேஷனில் வேலை. அம்மா மோலி. அக்கா கேப்ரியல் பிற்பாடு நடிகை ஆனார். 1950களின் தொடக்கத்தில் குடும்பம் இங்கிலாந்துக்குத் திரும்பி, வார்விக்ஷயரில் டான்வொர்த்-இன்-ஆர்டன் என்ற கிராமத்தில் குடியேறியது. வீட்டின் பெயர் ஃபார் லேஸ்.

அந்த வீட்டில் இரண்டு பொருட்களைக் கவனியுங்கள். ஒன்று, அம்மாவின் பியானோ. இன்னொன்று, அப்பாவின் டேப் ரெக்கார்டர். மோலி தானே பாட்டு எழுதி, மெட்டுப் போட்டு, பியானோ வாசித்துப் பாடுவார். மேடை ஏறியதில்லை, ரெக்கார்டு போட்டதில்லை. வீட்டுக்குள்ளேயே பாடிய பாட்டுகள். 1950களில் அவற்றை ராட்னி டேப்பில் பிடித்து வைத்தார். யாருக்கும் விற்பதற்காக இல்லை, சும்மா ஆசைக்கு.

நிக் பள்ளியில் பியானோ, கிளாரினெட், சாக்ஸபோன் எல்லாம் வாசித்தார். 1965-இல் 13 பவுண்டு கொடுத்து ஒரு கிட்டார் வாங்கியதும் மற்றதெல்லாம் பின்னால் போய்விட்டது. வழக்கமான ட்யூனிங்கோடு நிற்காமல், பாட்டுக்குப் பாட்டு கம்பிகளை வேறு வேறு சுருதிக்கு மாற்றி வாசித்தார். அதனால்தான் அவருடைய கிட்டார் ஒரு ஆள் வாசிப்பதுபோலவே இருக்காது. லீவில் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அதே டேப் ரெக்கார்டரில் ரெக்கார்ட் பண்ணுவார்: பழைய நாட்டுப்புறப் பாடல்கள், ப்ளூஸ், தன் சொந்தப் பாட்டுகள். அக்காவும் அவரும் சேர்ந்து பாடிய பாட்டுகூட அதில் இருக்கிறது.

மைக் வைக்கிற இடம்தான் மிக்ஸிங்

இங்கே கொஞ்சம் டெக்னிக்கலாகப் போவோம். அந்தக் காலத்து வீட்டு டேப் ரெக்கார்டரில் இன்றைய மாதிரி தனித்தனி ட்ராக் கிடையாது. குரல் ஒரு ஃபேடர், கிட்டார் ஒரு ஃபேடர் என்று அப்புறமாகச் சரி பண்ண முடியாது. அப்படியென்றால் மிக்ஸிங் எங்கே நடக்கும்? மைக்கை வைக்கும்போதே. வாய்க்குப் பக்கத்தில் வைத்தால் குரல் ஓங்கும், கிட்டாரின் சவுண்ட் ஹோலுக்கு நேரே வைத்தால் அடித்தொனி 'பூம்' என்று மூடிக்கொள்ளும், தள்ளி வைத்தால் ரூம் எதிரொலி ஏறும். பாடுகிறவர் தன் காதாலேயே விரலையும் குரலையும் சமன் பண்ணியாக வேண்டும்.

ஒரே மைக்கில் ஒரு நன்மையும் உண்டு. குரலுக்கு ஒன்று, கிட்டாருக்கு ஒன்று என்று இரண்டு மைக் வைத்தால், கிட்டார் சத்தம் குரல் மைக்கிலும் கசியும், கொஞ்சம் தாமதமாக. அந்த மைக் 34 செ.மீ. கூடுதல் தூரத்தில் இருந்தால் தாமதம் சுமார் 1 மில்லிசெகண்ட். 500 ஹெர்ட்ஸ் அலைக்கு அது சரியாகப் பாதிச் சுற்று. இரண்டையும் சேர்த்தால் அந்த அலைவரிசை தேய்ந்துபோய், கிட்டார் தகர டப்பா மாதிரி கேட்கும். முதல் வருஷ ஃபிசிக்ஸில் படித்த அதே இன்டர்ஃபியரன்ஸ்தான். ஒரு மைக் என்றால் இந்தத் தொல்லையே இல்லை.

நிக்கின் குரல் மெல்லியது, கிட்டத்தட்ட காதோரம் பேசுகிற அளவு. ஹாலில் அது எடுபடாது. மைக்கின் பக்கத்தில், அமைதியான ரூமில், அது முழுசாக வரும். அவர் வாழ்க்கை பூராவும் இந்த வித்தியாசம் கூடவே வந்தது.

மூன்று ஆல்பங்கள்

1967-இல் கேம்பிரிட்ஜ் ஃபிட்ஸ்வில்லியம் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் சேர்ந்தார். லண்டனில் அவர் வாசித்ததைக் கேட்ட ஃபேர்போர்ட் கன்வென்ஷன் குழுவின் ஆஷ்லி ஹட்ச்சிங்ஸ், தயாரிப்பாளர் ஜோ பாய்டிடம் சொன்னார். நிக் நான்கு பாட்டு கொண்ட ஒரு டெமோ டேப்பைக் கொடுத்தார். அதுவும் ஸ்டுடியோவில் எடுத்தது இல்லை, காலேஜ் ரூமில் எடுத்தது. அதைக் கேட்டுத்தான் வாய்ப்பு வந்தது.

முதல் ஆல்பம் 'ஃபைவ் லீவ்ஸ் லெஃப்ட்' 1969-இல் வந்தது. செல்சியில் பழைய பால் பண்ணைக் கட்டடம் ஒன்றில் இருந்த சவுண்ட் டெக்னிக்ஸ் ஸ்டுடியோ, சவுண்ட் இன்ஜினியர் ஜான் வுட். வயலின் வரிசைகளை எழுத ஒரு அனுபவசாலியை வைத்தார்கள். நிக்குக்கு அது பிடிக்கவில்லை. சத்தம் போடாமல், ஆனால் விடாப்பிடியாக, ஆல்பமே பண்ணியிராத தன் காலேஜ் நண்பர் ராபர்ட் கிர்பியைக் கொண்டுவந்தார். அது சரியான முடிவு. 'ரிவர் மேன்' பாட்டுக்கு மட்டும் ஹாரி ராபின்சன் எழுதினார். ஐந்து ஐந்தாக எண்ணுகிற தாளம். நம்ம கண்ட சாபு கேட்டுப் பழகியவர்களுக்கு எளிதாகப் பிடிபடும்.

டிகிரி முடிக்காமல் லண்டனுக்குப் போனார். மேடைதான் பிரச்சனை ஆனது. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் ட்யூனிங் மாற்ற நேரம் பிடிக்கும். இடையில் அவர் பேசவும் மாட்டார். கீழே இருப்பவர்கள் பேச ஆரம்பித்துவிடுவார்கள். கச்சேரி போனால்தான் ரெக்கார்டு விற்கும் என்ற காலம் அது. 1971-இல் வந்த இரண்டாவது ஆல்பம் 'ப்ரைட்டர் லேட்டர்' டிரம்ஸ், பிராஸ் எல்லாம் வைத்துச் செய்தது. அதுவும் விற்கவில்லை. நிக் மேடையை விட்டுவிட்டு மெல்ல மெல்ல உள்ளே ஒடுங்கினார். மனச்சோர்வு நோயாகவே முற்றியது.

1971 அக்டோபரில் ஜான் வுட்டை மட்டும் கூப்பிட்டு, ராத்திரி 11 மணிக்கு மேல், இரண்டே இரவில் மூன்றாவது ஆல்பத்தை முடித்தார்: 'பிங்க் மூன்'. 11 பாட்டு, 28 நிமிஷம். குரல், கிட்டார், அவ்வளவுதான். தலைப்புப் பாட்டில் மட்டும் பியானோவை அப்புறமாகச் சேர்த்தார்கள். கேட்டால் ஸ்டுடியோ என்றே தோன்றாது. பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்து ஒருவர் பாடுவதுபோல இருக்கும். ஃபார் லேஸ் வீட்டில் செய்ததையேதான் நல்ல மைக்கில் செய்தார்.

பிரிந்துபோன இரண்டு

அதன் பிறகு அப்பா அம்மாவிடமே திரும்பி வந்துவிட்டார். 1974-இல் மறுபடி ரெக்கார்டிங்குக்குப் போனபோது, ஜான் வுட்டும் ஜோ பாய்டும் அதிர்ந்துபோனார்கள். நிக்கால் ஒரே நேரத்தில் வாசித்துக்கொண்டே பாட முடியவில்லை. கிட்டாரை முதலில் எடுத்து, குரலைத் தனியாக அதன் மேல் ஓவர்டப் பண்ணினார்கள்.

நாம் இன்றைக்கு லேப்டாப்பில் அதைத்தான் வழக்கமாகச் செய்கிறோம், வசதிக்காக. நிக்குக்கு அது வசதி இல்லை, இழப்பு. அவருடைய பாட்டின் உயிரே விரலும் மூச்சும் ஒன்றாகப் போவதுதான். சோகம்தான் அவரைக் கலைஞர் ஆக்கியது என்று யாராவது ரொமான்டிக்காகச் சொன்னால் நம்பாதீர்கள். நோய் அவருக்கு ஒன்றும் தரவில்லை. அவரிடம் இருந்ததை ஒவ்வொன்றாகப் பிடுங்கியது.

1974 நவம்பர் 25 அன்று தன் அறையில் இறந்துகிடந்தார். விசாரணையில் தற்கொலை என்று எழுதினார்கள். நெருங்கியவர்கள் எல்லோரும் அதை ஏற்கவில்லை.

டேப் பேச ஆரம்பித்தது

அதற்கப்புறம் ரசிகர்கள் ஒவ்வொருவராக அந்தக் கிராமத்தைத் தேடி வந்தார்கள். ராட்னியும் மோலியும் கதவைத் திறந்து உட்காரவைத்துப் பேசினார்கள். வீட்டு டேப்பைக் காப்பி போட்டுக் கொடுத்தார் அந்த அப்பா. அது காப்பிக்குக் காப்பியாக, ஒவ்வொரு முறையும் 'ஸ்ஸ்' இரைச்சல் கூடிக்கொண்டே, உலகம் சுற்றியது. ராட்னி 1988-இலும் மோலி 1993-இலும் போய்விட்டார்கள். 1999-இல் ஒரு ஃபோக்ஸ்வேகன் கார் விளம்பரத்தில் 'பிங்க் மூன்' ஒலித்தது. அமெரிக்காவில் விற்பனை சட்டென்று ஏறியது. 2007-இல் வீட்டு டேப்புகளைச் சுத்தம் செய்து 'ஃபேமிலி ட்ரீ' என்று வெளியிட்டார்கள். மோலியின் பாட்டுகளும் 2013-இல் தனி ஆல்பமாக வந்தன. அவற்றை மீட்டெடுத்தவர் அதே ஜான் வுட். அம்மா பாட்டைக் கேட்டுவிட்டு மகன் பாட்டைக் கேளுங்கள். அந்த மெட்டு வளைவுகள் எங்கிருந்து வந்தன என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

ராட்னி எந்த சவுண்ட் இன்ஜினியரிங்கும் படித்தவராக அதைச் செய்யவில்லை. வீட்டில் பாடுகிறவர்கள் இருந்தார்கள், பட்டனை அமுக்கினார். உங்கள் வீட்டிலும் சமையலறையில் மட்டும் பாடுகிற ஒருத்தர் இருப்பார். அடுத்த லீவில் ஃபேனை நிறுத்துங்கள், ஜன்னலைச் சாத்துங்கள், போனை ஒரு முழம் தள்ளி வையுங்கள், பாட்டை முழுசாக ஒரே மூச்சில் பாடவிடுங்கள். ஈக்யூ, ரிவெர்ப் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஃபைலுக்குப் பெயரும் தேதியும் போட்டு இரண்டு இடத்தில் சேமித்து வையுங்கள்.