கூடைப்பந்து கண்ட நெய்ஸ்மித் பெருமகனார்

கூடைப்பந்தாட்டத்தில் நடுவரின் ஊதல் ஒலித்ததும் பார்ப்போர் முகம் சுளிப்பது வழக்கம். கல்லூரிப் பந்தயமாயின் கூச்சலும் எழும். நம் காலனிப் பிள்ளைகளும், ஆட்டத்தை நடுவரே கெடுத்துவிட்டார் என்று வீட்டில் வந்து முறையிடுவதுண்டு. அவ்வாட்டத்தைக் கண்ட ஜேம்ஸ் நெய்ஸ்மித்தின் வரலாற்றை அறிந்தோர்க்கு அம்முறையீடு செல்லாது.

கனடா நாட்டில் ஆல்மாண்ட் என்னும் சிற்றூரின் அருகே 1861 நவம்பர் 6ஆம் நாள் அவர் பிறந்தார். இளம்பருவத்திலேயே குடற்காய்ச்சல் தாய் தந்தை இருவரையும் கொண்டு போயிற்று. தாய்மாமன் இல்லத்தில் வளர்ந்து, மெக்கில் பல்கலைக்கழகத்தில் 1887இல் பட்டம் பெற்றுச் சமயக் கல்வியும் முடித்தார். மறைப்பணிக்குரியவர் ரக்பி போன்ற முரட்டாட்டம் ஆடலாமா என்று உடன் பயின்றோர் வருந்தினராம். அவரோ, இளைஞரைப் பண்படுத்த ஆடுகளமும் ஏற்ற இடமே என்று துணிந்து, அமெரிக்காவில் ஸ்பிரிங்பீல்டு நகரின் கிறித்தவ இளைஞர் சங்கப் பயிற்சிப் பள்ளிக்குச் சென்றார்.

1891ஆம் ஆண்டுக் குளிர்காலம். வெளியே பனி; உள்ளே உடற்பயிற்சியில் அலுத்துப்போன மாணவர் பதினெண்மர். அவர்கட்குப் புதியதோர் ஆட்டம் காண, தலைவர் லூதர் குலிக் பதினான்கு நாள் தவணை தந்தார். வெளிக்கள ஆட்டங்களைக் கூடத்துக்குள் ஆடவைத்தால் காயமே மிஞ்சியது. காயம் ஏன் நேர்கிறது என்று நெய்ஸ்மித் ஆராய்ந்த முறைதான் வியப்புக்குரியது. பந்தோடு ஓடுபவனை நிறுத்தவே மற்றவன் அவனைக் கட்டிப் பிடித்து வீழ்த்துகிறான். பந்தோடு ஓடுதல் இல்லையெனில் வீழ்த்தும் தேவையும் இல்லை. இலக்கு எதிரே நின்றால் பந்தை வலிந்து எறிவர். தலைக்குமேல் வாய்திறந்து கிடந்தால் மெல்ல வளைத்து எறிந்தாலன்றி விழாது. வன்மைக்கு அங்கே பயனில்லை. இவ்வாறே பத்தடி உயரத்தில் இரண்டு பீச்சுப் பழக்கூடைகள் ஏறின.

ஆயினும் முதல் ஆட்டம் அடிதடியில் முடிந்ததாக 1939இல் வானொலியில் அவரே நினைவுகூர்ந்தார். கண்கள் வீங்கின, ஒருவனுக்குத் தோள்மூட்டு நழுவிற்று. விதிகளை மேலும் இறுக்கினார். 1892 சனவரியில் அச்சேறிய பதின்மூன்று விதிகளுள் ஐந்தாவது, தோளால் இடித்தல், பிடித்தல், தள்ளுதல், இடறிவிடுதல், அடித்தல் அனைத்தையும் விலக்கிற்று. இரண்டாம் முறை தவறியவன் அடுத்த கோல் விழும்வரை வெளியேற வேண்டும். காயப்படுத்தும் எண்ணம் தெரிந்தால் ஆட்டம் முடியும்வரை வெளியே, மாற்றாளும் கிடையாது. ஆட்களைக் கண்காணிக்க ஒரு நடுவர், பந்தைக் கண்காணிக்க மற்றொருவர் என இருவரை அமர்த்தினார். நடுவருக்கென்றே தனி விதிகள் இரண்டு!

இன்று பந்தோடு ஓடலாம், தரையில் தட்டியபடி. ஆகவே மோதலும் மீண்டும் வந்தது. தற்காப்பவன் முந்தி வந்து நின்ற இடம் அவனுக்குரியது. பந்தோடு வருபவன் அவன் மார்பில் மோதினால் குற்றம் வருபவனுடையது. பிந்தி நுழைந்து இடுப்பைக் கொடுத்தால் குற்றம் தடுத்தவனுடையது. இமைப்பொழுதில் இதனைப் பிரித்தறிய வேண்டியவரைத்தான் நாம் ஏசுகிறோம்.

இவ்விளையாட்டு நம் நாட்டிலும் கிறித்தவ இளைஞர் சங்கத்தின் வழியே வேரூன்றியது. 1920இல் ஹாரி குரோ பக் சென்னையில் அச்சங்கத்தின் உடற்பயிற்சிப் பள்ளியை நிறுவினார். ஊதலும் விதிநூலுமாகத் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்குச் சென்ற ஆசிரியர் பலர் அங்கே பயின்றவர்களே.

நெய்ஸ்மித் 1898இல் மருத்துவப் பட்டமும் பெற்றுக் கான்சஸ் பல்கலைக்கழகம் சேர்ந்தார். அங்கே 1907 வரை அவர் பயிற்றிய அணி 55 ஆட்டங்களில் வென்று 60இல் தோற்றது. ஆட்டத்தைக் கண்டவரே தோற்றார் என்று நகைப்பார் உளர். வெற்றியை அவர் அத்துணைப் பெரிதாக எண்ணியதில்லை. 1936இல் பெர்லின் ஒலிம்பிக்கில் கூடைப்பந்து முதன்முறை இடம்பெற்றபோது, பயிற்சியாளர்கள் திரட்டிய பொருளுதவியால் எழுபத்து நான்கு வயதில் அங்கே சென்றார். மழையில் சேறான திடலில் அமெரிக்கா 19-8 எனக் கனடாவை வென்றது. தாம் பிறந்த நாட்டுக்கும் புகுந்த நாட்டுக்கும் அவரே பதக்கம் வழங்கினார். 1939 நவம்பர் 28இல் கான்சசின் லாரன்சு நகரில் காலமானார். இவ்வாட்டத்தின் தோற்றம் குறித்து அவர் எழுதிய நூல் 1941இல்தான் வெளிவந்தது.