நடுவர் ஆசனத்தில் ஒரு கலைஞர்: சத்யஜித் ரே

நம் தம்பானூரில் புகைவண்டி நிலையத்திற்கும் பேருந்து நிலையத்திற்கும் அண்மையிலேயே கைரளி, ஸ்ரீ, நிளா என்னும் மூன்று படமாளிகைகள் ஒருங்கே அமைந்துள்ளன. நாகர்கோவில் வண்டியைப் பிடிக்கப் பெட்டியும் பையுமாக விரையும் நம்மவர், பெரும்பாலும் டிசம்பர் மாதத்தில், அவ்விடம் திருவிழாக் கோலம் பூண்டிருப்பதைக் கண்டிருப்பர். கழுத்தில் அடையாள அட்டை அணிந்த இளைஞரும் முதியோரும் மணிக்கணக்கில் வரிசையில் நிற்பர். கால் நூற்றாண்டுக்கும் மேலாக இந்நகரில் நடந்துவரும் கேரள சர்வதேசத் திரைப்பட விழாவின் காட்சியே அது.

அவ்விழாவில் நம் கண்ணில் அதிகம் படாத ஒரு சிறு கூட்டம் உண்டு. பல நாடுகளிலிருந்து வந்து குவியும் படங்களை முதலில் ஒரு தேர்வுக் குழு பார்த்துச் சலித்தெடுக்கிறது. எஞ்சி நிற்கும் சில படங்களைப் பின்னர் நடுவர் குழு பார்த்துப் பரிசுக்குரியதைத் தீர்மானிக்கிறது. இயக்குநர், நடிகர், எழுத்தாளர், விமர்சகர் எனக் கலைத்துறையில் ஊறியவர்களே அக்குழுக்களில் அமர்வர். முகமறியாத ஒருவனின் பல்லாண்டு உழைப்பை இரண்டு மணி நேரத்தில் எடை போடும் பொறுப்பு அவர்களுடையது. அப்பொறுப்புக்குத் தகுதி யாது? நடுவர்களின் அசட்டையால் தம் முதற்படத்தையே இழக்கவிருந்து, பின்னர்த் தாமே நடுவராக அமர்ந்த ஒரு பெரியாரின் வாழ்க்கை இதற்கு விடை கூறுகிறது. அவரே வங்கம் தந்த சத்யஜித் ரே.

1921ஆம் ஆண்டு மே மாதம் 2ஆம் நாள் கல்கத்தாவில் அவர் பிறந்தார். பாட்டனார் உபேந்திரகிஷோர், எழுத்தாளர், ஓவியர், அச்சுக்கலையில் புதுமை கண்டவர். சந்தேஷ் என்னும் குழந்தைகள் பத்திரிகையை 1913இல் தொடங்கியவரும் அவரே. தந்தையார் சுகுமார் ரே, வங்கக் குழந்தைகள் இன்றும் பாடி மகிழும் வேடிக்கைப் பாடல்களை இயற்றியவர். எனினும் சத்யஜித்துக்கு மூன்று வயது நிரம்புமுன்பே தந்தை மறைந்தார். குடும்பத்தின் அச்சகமும் கைவிட்டுப் போயிற்று. உறவினர் இல்லத்தில் தங்கித் தாய் சுப்ரபா அவரை வளர்த்தார்.

பிரசிடென்ஸி கல்லூரியில் பொருளாதாரம் பயின்றபின், 1940இல் சாந்திநிகேதனம் சென்று நந்தலால் போஸ் முதலிய ஆசான்களிடம் ஓவியம் கற்றார். 1943இல் ஒரு விளம்பர நிறுவனத்தில் சித்திரக்காரராக வேலைக்கு அமர்ந்தார். புத்தகங்களுக்கு அட்டைப்படம் வரைவதும் அவர் பணியாயிற்று. அவ்வாறு படம் வரைய வந்த நூல்களுள் ஒன்றுதான் விபூதிபூஷண் பந்தோபாத்யாயரின் பதேர் பாஞ்சாலி நாவலின் சிறுவர் பதிப்பு. விதை அங்கே விழுந்தது.

படம் எடுக்கும் முன் படம் பார்க்கக் கற்றவர் ரே. 1947இல் நண்பர்களோடு கூடிக் கல்கத்தா பிலிம் சொசைட்டியை நிறுவினார். 1950இல் அலுவலக வேலையாக லண்டன் சென்றபோது, ஆறு மாதத்திற்குள் ஏறத்தாழ நூறு படங்களைப் பார்த்துத் தீர்த்தார். இத்தாலிய இயக்குநர் டி சிகாவின் சைக்கிள் திருடர்கள் என்னும் படம் அவருக்கு வழிகாட்டியது. பிற்காலத்தில் நடுவராக அமர்வதற்குரிய பயிற்சியை அவர் இவ்வாறு பார்வையாளர் இருக்கையிலேயே பெற்றார் என்று நாம் கருதுகிறோம்.

1952 அக்டோபரில் படப்பிடிப்புத் தொடங்கியது. பணமோ இல்லை. தாம் அருமையாகச் சேர்த்த இசைத்தட்டுகளை விற்றார். மனைவியின் நகைகள் அடகுக்குச் சென்றன. வேலை பலமுறை நின்றது. முடிவில் மேற்கு வங்க அரசு உதவ முன்வந்தது. அத்தொகை சாலை அபிவிருத்திக் கணக்கிலிருந்து வழங்கப்பட்டது என்பது வேடிக்கையான செய்தி. இதற்கிடையில் கல்கத்தா வந்த அமெரிக்க இயக்குநர் ஜான் ஹூஸ்டன், முடிவுறாத படத்தின் சில பகுதிகளைப் பார்த்துவிட்டு நல்வாக்குக் கூறினார். 1955 மே மாதம் நியூயார்க்கின் நவீனக் கலைக்கூடத்தில் பதேர் பாஞ்சாலி முதன்முதலாகத் திரையிடப்பட்டது. ஆகஸ்டில் கல்கத்தாவில் வெளிவந்தது.

அடுத்த ஆண்டு, 1956இல், பிரான்சு நாட்டுக் கான் நகரத் திரைப்பட விழாவுக்கு அப்படம் சென்றது. அங்கேதான் சோதனை காத்திருந்தது. இரவு நெடுநேரம் கழித்து அதற்கு வேளை ஒதுக்கினர். அவ்வேளையில் வேறோரிடத்தில் விருந்து ஒன்றும் நடந்தது. நடுவர்களில் பலர் படத்திற்கு வரவில்லை. நகையை அடகு வைத்து எடுத்த படம், நடுவர் இல்லாத அரங்கில் ஓடி முடிந்தது! பார்த்த விமர்சகர்கள் சிலர் சும்மா இருக்கவில்லை; மீண்டும் திரையிட வேண்டும் என்று வற்புறுத்தினர். இரண்டாம் முறை நடுவர்கள் பார்த்தனர். சிறந்த மனித ஆவணம் என்னும் சிறப்புப் பரிசு அதற்குக் கிடைத்தது. அந்த விமர்சகர்கள் வாளாவிருந்திருந்தால், ரேயின் பெயரை உலகம் அறிய இன்னும் எத்தனை ஆண்டு சென்றிருக்குமோ, யார் அறிவார்? அடுத்த படமான அபராஜிதோ உள்நாட்டில் போதிய வரவேற்புப் பெறவில்லை. ஆயினும் 1957இல் வெனிஸ் நகர விழாவில் தங்கச் சிங்கம் பரிசை வென்றது.

காலம் சுழன்றது. தீர்ப்புக்குக் காத்திருந்தவரே தீர்ப்பளிக்க அழைக்கப்பட்டார். 1961இல் பெர்லின் விழாவின் நடுவர் குழுவில் ஓர் உறுப்பினரானார். அவ்வாண்டுத் தங்கக் கரடி, இத்தாலிய இயக்குநர் அந்தோனியோனியின் படத்திற்குச் சென்றது. 1963இல் மாஸ்கோ விழாவிலும் நடுவராக அமர்ந்தார். அங்கே பெலினியின் எட்டரை என்னும் படத்தைச் சோவியத் அதிகாரிகள் விரும்பவில்லை. இருந்தும் நடுவர் குழு அதற்கே தலையாய பரிசை வழங்கியது. விருந்தளிப்பவன் முகம் கோணுமே என்று தயங்காதவனே நடுவன் என்பதற்கு இது சான்று.

1965 ஜனவரியில் இந்தியாவின் மூன்றாம் சர்வதேசத் திரைப்பட விழா புதுதில்லியில் நடந்தது. நம் நாட்டு விழாவில் போட்டி வைத்துப் பரிசளித்தது அதுவே முதன்முறை. நடுவர் குழுவின் தலைவராக ரே வீற்றிருந்தார். முதல் தங்க மயில் எந்த வல்லரசுக்கும் செல்லவில்லை; சின்னஞ்சிறு இலங்கையிலிருந்து வந்த கம்பெரலிய என்னும் சிங்களப் படத்திற்குச் சென்றது. மார்ட்டின் விக்கிரமசிங்கவின் நாவலைத் தழுவி அதை இயக்கியவர் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ். ஒரு கிராமத்துப் பழங்குடும்பம் நலிவதைக் கூறும் அப்படத்தை உலகம் திரும்பிப் பார்க்க அப்பரிசு துணை செய்தது.

ரே குறையே இல்லாதவர் என்று நாம் கூறவரவில்லை. அதே 1965இல், மிருணாள் சென் இயக்கிய ஆகாஷ் குசும் படத்தைக் குறித்துப் பத்திரிகையில் நடந்த விவாதத்தில் அவருடைய பேனா மிகவும் கூர்மையாகப் பாய்ந்தது. சக கலைஞரிடம் சற்று மென்மை காட்டியிருக்கலாமே என்று நமக்குத் தோன்றுகிறது. ஆனால் மறைவில் முணுமுணுக்காமல், தம் பெயரிட்டு வெளிப்படையாக எழுதினார் என்பதையும் மறத்தலாகாது.

தமிழராகிய நாம் அவரிடம் தனி நன்றி பாராட்டவும் காரணம் உண்டு. சிறுவராக இருந்தபோது கல்கத்தாவில் பாலசரஸ்வதி அம்மையாரின் பரதத்தைக் கண்டு வியந்தவர், 1976இல் அவரைப் பற்றிப் பாலா என்னும் குறும்படத்தை எடுத்தார். ஐம்பதைக் கடந்த அம்மையார் கடற்கரைக் காற்றில் அபிநயம் பிடிக்கும் காட்சி அதில் நிலைபெற்றுள்ளது.

1959இல் உருவான பிலிம் சொசைட்டிகளின் கூட்டமைப்புக்கு ரே முதல் தலைவரானார். அவ்வியக்கத்தின் அலை நம் திருவனந்தபுரத்தையும் எட்டியது. 1965இல் அடூர் கோபாலகிருஷ்ணனும் நண்பர்களும் இங்கே சித்ரலேகா பிலிம் சொசைட்டியைத் தொடங்கினர். தம்பானூரில் இன்று வரிசையில் நிற்கும் ரசிகர் கூட்டம் அத்தகைய முயற்சிகளில் முளைத்த பயிரே.

1992இல் கௌரவ ஆஸ்கார் விருதும் பாரத ரத்தினமும் ரேயை நாடி வந்தன. அவ்வாண்டு ஏப்ரல் 23ஆம் நாள் அவர் மறைந்தார்.

வள்ளுவர் நடுவுநிலைமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். கான் நகரத்து அந்த இரவு அதற்கு ஓர் உரை எனலாம். நடுவனின் முதற்கடமை தீர்ப்புக் கூறுவதன்று. வந்து அமர்ந்து, முழுதும் காண்பது. நம் சங்க ஆண்டு விழாவிலும் குழந்தைகளின் பேச்சுக்கும் பாட்டுக்கும் கோலத்திற்கும் நம்முள் சிலர் மதிப்பெண் இடுகிறோம். கடைசியாக மேடையேறும் குழந்தைக்குப் பந்தி போடும் ஓசை கேட்கத் தொடங்கிவிடும். எழுந்து செல்ல மனம் தூண்டும் அந்நேரத்தில், ஆளில்லா அரங்கில் ஓடிய அந்த ஏழைச் சிறுவனின் கதையை நினைவு கூர்வோமாக. இருக்கையில் அமர்ந்து, இறுதிவரை காண்போமாக.