பனிக்கடல் கடந்த பெருமகனார் நான்சன்



வீரம் என்றால் முன்னேறிச் செல்வது மட்டுமே என்று எண்ணுவோர் பலர். திரும்ப வேண்டிய இடத்தில் திரும்புவதற்கும், பெற்ற புகழைப் பிறர் துயர் துடைக்கச் செலவிடுவதற்கும் பெரும் வீரம் வேண்டும். இவ்விருவகை வீரமும் ஒருங்கே வாய்க்கப் பெற்ற பிரிட்யோப் நான்சன் என்னும் பெருமகனாரின் வாழ்க்கையை இவ்வாண்டு மலரில் எழுத விழைகிறோம். பனியையே கண்டறியாத நம் பிள்ளைகளுக்கு அவரது கதை புதுமையாகவும் பயனுடையதாகவும் இருக்கும் என்று நம்புகிறோம்.

ஐரோப்பாவின் வடமேற்கு விளிம்பில் நீண்டு கிடக்கும் நாடு நார்வே. அதன் மேற்குக் கரை நெடுகிலும் மலைகள் கடலிலிருந்து செங்குத்தாக எழுந்து நிற்கின்றன. அம்மலைகளின் இடையே கடல்நீர் பல மைல் தூரம் உள்ளே புகுந்து, ஆறுபோல் வளைந்து கிடக்கும். இதனைப் பியோர்டு என்பர். நாட்டின் வட பகுதியில், கோடைக்காலத்தில் பல வாரங்கள் சூரியன் மறைவதே இல்லை; குளிர்காலத்தில் பல வாரங்கள் அது தோன்றுவதும் இல்லை. இத்தகைய நாட்டில் மக்கள் காலில் நீண்ட மரச் சறுக்குக் கட்டைகளைக் கட்டிக்கொண்டு பனியின்மேல் விரைந்து செல்லக் கற்றிருந்தனர்.

இந்நாட்டின் தலைநகராகிய கிறிஸ்தியானியாவுக்கு அருகில் 1861ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் நான்சன் பிறந்தார். அந்நகரமே இன்று ஓஸ்லோ என வழங்கப்படுகிறது. தந்தையார் நேர்மையும் கண்டிப்பும் மிக்க வழக்கறிஞர். தாயார் பனிச்சறுக்கில் ஆர்வம் உடையவர். வீட்டை அடுத்துப் பெருங்காடு இருந்தது. சிறுவன் நான்சன் அக்காட்டில் நாட்கணக்கில் தங்கி, மீன் பிடித்தும் வேட்டையாடியும், குறைந்த உணவில் நிறைவு கண்டும் பழகினான். பின்னாளில் பனிவெளியில் அவரைக் காத்த பயிற்சி இக்காட்டில்தான் தொடங்கியது.

பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பயின்ற நான்சன், 1882ஆம் ஆண்டில் சீல் என்னும் கடல்நாய் வேட்டைக் கப்பல் ஒன்றில் வட கடலுக்குச் சென்றார. கப்பல் பனிக்கட்டிகளிடையே சிக்கி நின்றபோது, தொலைவில் கிரீன்லாந்துத் தீவின் மலைச் சிகரங்கள் அவர் கண்ணிற்குப் புலப்பட்டன. யாரும் ஊடுருவிக் கடந்திராத அத்தீவின் உட்பகுதியைக் கடக்க வேண்டும் என்னும் வேட்கை அன்று அவர் உள்ளத்தில் வேரூன்றியது. ஊர் திரும்பியதும் மேற்குக் கடற்கரையிலுள்ள பெர்கன் நகரின் அருங்காட்சியகத்தில் பணியேற்றார்.

பெர்கனுக்கும் தலைநகருக்கும் இடையில் உயர்ந்த மலைத்தொடர் குறுக்கிட்டு நிற்கிறது. அம்மலைகளைக் கடக்கும் இரயில் பாதை 1909ஆம் ஆண்டில்தான் முழுமை பெற்றது. நான்சனோ 1884ஆம் ஆண்டுக் குளிர்காலத்திலேயே சறுக்குக் கட்டைகளின் துணையால் அம்மலைகளைக் கடந்து, தலைநகரில் நடந்த பனிச்சறுக்குப் போட்டியிற் கலந்துகொண்டார். திரும்பும்போதும் மலைவழியே சறுக்கி வந்தார். பனிவெளியைக் கடக்கச் சறுக்குக் கட்டையே ஏற்றது என்னும் உறுதி அவருக்கு இப்பயணத்தால் வலுப்பெற்றது.

அறிவுப் பணியையும் அவர் கைவிடவில்லை. நரம்பு மண்டலத்தைப் பற்றி ஆராய்ந்து, கிரீன்லாந்துக்குப் புறப்படுவதற்குச் சில நாட்களுக்கு முன்னர்தான் தமது டாக்டர் பட்ட ஆய்வை முடித்தார். 1888ஆம் ஆண்டில் ஐந்து தோழர்களுடன் பயணம் தொடங்கியது. அவர்களுள் இருவர் வட நார்வேயின் பழங்குடியினரான சாமி மக்கள். மக்கள் வாழும் மேற்குக் கரையிலிருந்து புறப்பட்டால், துன்பம் நேரும்போது திரும்பிவிடத் தோன்றும். ஆதலால் ஆளரவமற்ற கிழக்குக் கரையிலிருந்து மேற்கு நோக்கிச் செல்வதென நான்சன் முடிவு செய்தார். மேற்கே உணவும் உறைவிடமும் உண்டு. கிழக்கே ஒன்றும் இல்லை. எனவே முன்னே செல்வதே உயிர் பிழைக்கும் வழியாயிற்று.

ஜூலை 17ஆம் நாள் கப்பலை விட்டுச் சிறு படகுகளில் இறங்கியவர்களை மிதக்கும் பனிக்கட்டிகள் தெற்கே வெகுதொலைவு அடித்துச் சென்றன. பன்னிரண்டு நாட்களுக்குப் பின்னரே கரையேற முடிந்தது. மனந்தளராமல் கரையோரமாக மீண்டும் வடக்கே துடுப்பு வலித்து, ஆகஸ்டு 15ஆம் நாள் பனிமலை ஏறத் தொடங்கினர். 2,700 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தை அடைந்தனர். குளிர் உறைநிலைக்குக் கீழே 45 பாகை அளவுக்கு வாட்டியது. காற்று வாய்த்தபோது சறுக்கு வண்டிகளில் பாய் விரித்துப் படகுபோல் ஓட்டினர். மேற்குக் கரையை நெருங்கியதும் புதர்க் கொம்புகளையும் கூடாரத் துணியையும் கொண்டு ஒரு சிறு படகு செய்தனர். அப்படகில் நான்சனும் ஓட்டோ ஸ்வெர்டிரப் என்பாரும் ஏறி, அக்டோபர் 3ஆம் நாள் கோட்ஹாப் என்னும் குடியிருப்பை அடைந்தனர். அவ்வாண்டு ஊர் திரும்பக் கப்பல் கிடைக்காமையால், குளிர்காலம் முழுவதும் அங்கேயே தங்கி, அம்மண்ணின் மக்களிடம் கயாக் என்னும் குறுகிய படகை ஓட்டவும் பனிநாட்டில் வாழும் முறைகளையும் நான்சன் கற்றுக்கொண்டார். கல்வி கற்ற அறிஞர் ஒருவர் எளிய மக்களை ஆசிரியர்களாக ஏற்றதை மாணவர்கள் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

அடுத்து அவர் எண்ணியது வட துருவம். 1881ஆம் ஆண்டில் ஜீனெட் என்னும் அமெரிக்கக் கப்பல் சைபீரியாவுக்கு வடக்கே பனியில் நசுங்கி மூழ்கியது. மூன்று ஆண்டுகள் கழித்து அக்கப்பலின் பொருள்கள் கிரீன்லாந்தின் தென்மேற்குக் கரையிற் காணப்பட்டன. அப்படியாயின் துருவக் கடலின் பனிப்பரப்பு முழுவதும் மெல்ல மெல்ல மேற்கு நோக்கி நகர்கிறது என்பது தெளிவன்றோ? ஒரு கப்பலைத் தெரிந்தே பனியிற் சிக்க வைத்தால், பனியே அதனைத் துருவத்தின் அருகே சுமந்து செல்லும் என்று நான்சன் கருதினார். அறிஞர் பலர் இதனைப் பித்தர் செயல் என எள்ளி நகையாடினர். அவர் பின்வாங்கவில்லை.

காலின் ஆர்ச்சர் என்னும் கப்பற் கலைஞர் அதற்கேற்ற கப்பலைக் கட்டினார். பக்கச் சுவர்கள் இரண்டடிக்கு மேற்பட்ட கனம் உடையவை. அடிப்பகுதி தேங்காய்ச் சிரட்டைபோல் உருண்டிருந்தமையால், பனி நெருக்கும்போது கப்பல் நசுங்காமல் மேலே எழும்பிவிடும். அதற்கு ‘ஃபிராம்’ எனப் பெயரிட்டனர். ‘முன்னே’ என்பது அதன் பொருள். 1893ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள் தலைநகரிலிருந்து புறப்பட்ட ஃபிராம், நார்வேயின் நீண்ட கரையோரமாகப் பெர்கன், திரோம்சோ முதலிய ஊர்களைத் தொட்டு, வடகோடியிலுள்ள வார்டோவை அடைந்தது. அங்கிருந்து சைபீரியக் கரையோரம் சென்று, செப்டம்பர் இறுதியிற் பனியில் உறைந்து நின்றது. கப்பலில் இருந்தோர் பதின்மூவர். பனி மலைபோல் குவிந்து நெருக்கியபோதும், எண்ணியபடியே கப்பல் மேலெழுந்து தப்பியது.

ஆயினும் பனியின் ஓட்டம் துருவத்தைத் தொடாது என்பதை நான்சன் உணர்ந்தார். 1895ஆம் ஆண்டு மார்ச்சு 14ஆம் நாள், யால்மார் யோஹான்சென் என்னும் தோழர் ஒருவருடன், 28 நாய்கள், மூன்று சறுக்கு வண்டிகள், இரண்டு கயாக்குப் படகுகள் ஆகியவற்றோடு கப்பலை விட்டு நடக்கலானார். அப்படகுகள் மூங்கிற் சட்டத்தின்மேல் பாய்த்துணி போர்த்தியவை. கப்பலோ நகர்ந்துகொண்டே இருப்பது. அதனை மீண்டும் தேடிக் கண்டுபிடிக்க இயலாது. ஏப்ரல் 8ஆம் நாள் வட அட்சரேகை 86 பாகை 14 கலையை எட்டினர். அதற்கு முன் மனிதர் எவரும் அவ்வளவு வடக்கே சென்றதில்லை. துருவம் இன்னும் ஏறத்தாழ 420 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. பனிப்பாறைகளோ மேடும் பள்ளமுமாய் வழி மறித்தன. உணவைக் கணக்கிட்டுப் பார்த்த நான்சன், திரும்புவதென முடிவு செய்தார். மேலும் சென்றிருந்தால் தோழரின் உயிருக்கும் தீங்கு நேர்ந்திருக்கும். புகழின் வாயிலில் நின்றுகொண்டு திரும்பிய அம்முடிவே அவரது வாழ்வின் மிகச் சிறந்த முடிவு என நாம் கருதுகிறோம்.

திரும்பும் வழியில் ஒரு சிறு மறதி பெருந்துன்பத்தைத் தந்தது. களைப்பின் மிகுதியால் இருவரும் தத்தம் கடிகாரங்களுக்குச் சாவி கொடுக்க மறந்தனர், இரண்டும் நின்றுவிட்டன. பூமி நான்கு நிமிடத்திற்கு ஒரு பாகை சுழல்கிறது. சரியான நேரம் தெரியாவிட்டால் தீர்க்கரேகை தெரியாது. தீர்க்கரேகை தெரியாவிட்டால் தாம் நிற்கும் இடம் தெரியாது. இதனால் பல மாதங்கள் இருக்குமிடம் அறியாமலே நடந்தனர். உணவு குறையக் குறைய, தம்மை இழுத்து வந்த நாய்களை ஒவ்வொன்றாகக் கொன்று ஏனைய நாய்களுக்கு உணவாக்க வேண்டிய கொடுமையும் நேர்ந்தது.

பிரான்ஸ் ஜோசப் தீவுக்கூட்டத்தை அடைந்தபோது குளிர்காலம் வந்துவிட்டது. கற்களை அடுக்கிச் சுவர் எழுப்பி, வால்ரஸ் என்னும் தந்தமுடைய கடல் விலங்கின் தோலைக் கூரையாக வேய்ந்து, ஒரு சிறு குடிலில் ஏறத்தாழ எட்டு மாதங்கள் இருவரும் தங்கினர். கரடி இறைச்சியே உணவு. விலங்குக் கொழுப்பே விளக்கெண்ணெய். 1896ஆம் ஆண்டு மே மாதம் மீண்டும் புறப்பட்டனர். ஜூன் மாதத்தில் ஒரு நாள், கட்டி வைத்திருந்த கயாக்குப் படகுகள் கயிறு அறுந்து மிதந்து சென்றன. உணவும் துப்பாக்கியும் அவற்றிலேயே இருந்தன. நான்சன் உறைபனி நீரிற் குதித்து, கைகால்கள் மரத்துப்போகும்வரை நீந்திப் படகுகளைப் பற்றினார். அவர் தயங்கியிருந்தால் இருவரும் மாண்டிருப்பர்.

சில நாட்களுக்குப் பின், ஜூன் 17ஆம் நாள், நாய் குரைக்கும் ஒலி கேட்டது. அங்கு ஆராய்ச்சிக்கு வந்து தங்கியிருந்த பிரெடரிக் ஜாக்சன் என்னும் ஆங்கிலேயர் அவர்களைக் கண்டு வரவேற்றார். அவர்தம் கப்பலில் ஏறி ஆகஸ்டு 13ஆம் நாள் வார்டோவில் இறங்கினர். வியப்பு என்னவெனில், மூன்று ஆண்டுகள் பனியிற் சிறைப்பட்டிருந்த ஃபிராம் கப்பலும் அதே நாளில் பனியினின்று விடுபட்டது. பதின்மூவரும் திரோம்சோவில் ஒன்று கூடினர். ஓர் உயிர்கூட இழக்கப்படவில்லை.

பின்னர் நான்சன் கடலியல் பேராசிரியராக விளங்கினார். 1905ஆம் ஆண்டில் நார்வே சுவீடனிலிருந்து பிரிந்து தனியரசு ஆனபோது நாட்டுக்குத் துணை நின்று, 1906 முதல் 1908 வரை இலண்டனில் தூதராகப் பணியாற்றினார். தென் துருவத்திற்குத் தாமே செல்ல வேண்டும் என்ற ஆவல் அவருக்கு இருந்தது. ஆயினும் ஃபிராம் கப்பலை ரோல்ட் அமுண்ட்சென் என்னும் இளைஞருக்கு விட்டுக்கொடுத்தார். அமுண்ட்சென் 1911ஆம் ஆண்டு டிசம்பர் 14ஆம் நாள் தென் துருவத்தை முதன்முதலில் அடைந்தார்.

முதல் உலகப் போர் முடிந்தபின், பல நாட்டுப் போர்க்கைதிகள் ஊர் திரும்ப வழியின்றித் தவித்தனர். 1920ஆம் ஆண்டில் சர்வதேச சங்கம் அவர்களை வீடு சேர்க்கும் பொறுப்பை நான்சனிடம் ஒப்படைத்தது. இரண்டே ஆண்டுகளில் நான்கு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் தத்தம் நாடு திரும்பினர். 1921ஆம் ஆண்டில் இரஷ்யாவிற் கொடும்பஞ்சம் தலைவிரித்தாடியது. அரசுகள் கடன் தர மறுத்தபோதும், அவர் ஊர் ஊராகச் சென்று பேசிப் பொருள் திரட்டிப் பட்டினியால் வாடியோருக்கு உணவு அனுப்பினார்.

போரினாலும் புரட்சியினாலும் நாடிழந்து, எந்த அரசின் பத்திரமும் இல்லாமல் அலைந்தோர் பல இலட்சம் பேர். பத்திரம் இல்லாதவருக்கு வேலை இல்லை; எல்லை கடக்க வழியில்லை. அவர்களுக்கென 1922ஆம் ஆண்டில் நான்சன் ஒரு சான்றிதழை ஏற்படுத்தினார். நாளடைவில் ஐம்பதுக்கும் மேற்பட்ட அரசுகள் அதனை ஏற்றுக்கொண்டன. உலகம் அதனை நான்சன் கடவுச்சீட்டு என்று அழைத்தது. அவ்வாண்டே அமைதிக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. பரிசுப் பணத்தையும் துயர் துடைக்கும் பணிக்கே அளித்தார். 1930ஆம் ஆண்டு மே 13ஆம் நாள், தம் 68ஆம் வயதில் அவர் இயற்கை எய்தினார். அவர் தொடங்கிய அகதிகள் பணியின் வழியிலேயே இன்றைய ஐக்கிய நாட்டு அகதிகள் ஆணையமும் தோன்றிற்று. நம் நாட்டின் பீடோங் தீவில் 1978 முதல் 1991 வரை வியட்நாமியப் படகு மக்கள் தங்கியிருந்தபோது அவர்களைக் கவனித்துக்கொண்டதில் அவ்வாணையத்திற்கும் பங்குண்டு.

பெற்றோர்களே! ஒரு தாளின் மதிப்பு என்னவென்று தோட்டத்து மக்களாகிய நமக்குப் பிறர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குடியுரிமைக்கும் அடையாள அட்டைக்கும் ஆண்டுக்கணக்கில் அலைந்த முதியோரை நாம் அறிவோம். பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளி வாயிலில் நிற்கும் தாயின் முகத்தையும் நாம் கண்டிருக்கிறோம். ஆதலின் பிள்ளை பிறந்தவுடன் காலந்தாழ்த்தாது பதிவு செய்யுங்கள். அப்பத்திரத்தைப் பொன்போற் காத்து வையுங்கள்.

மாணவச் செல்வங்களே! நீங்கள் பனிமலை ஏற வேண்டுவதில்லை. பொழுது புலருமுன் பிரட்டுக்குச் செல்லும் பெற்றோரின் உழைப்பை எண்ணி, நாள்தோறும் செய்ய வேண்டிய சிறு கடமைகளை மறவாது செய்யுங்கள். கடிகாரம் நின்றதனால் நேர்ந்த துன்பத்தை நினைவில் வையுங்கள். கற்று உயர்ந்தபின், பத்திரம் எழுதத் தெரியாத ஒரு முதியவர் உங்கள் முன் வந்து நின்றால், அவருக்காக ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். நான்சன் காட்டிய வழி அதுவே.