ஒளித்துப் படிக்கும் கதைகளின் முன்னோடி

ஒரு தவற்றை ஒப்புக்கொண்டு இக்கட்டுரையைத் தொடங்குகின்றேன். சில ஆண்டுகளுக்கு முன்னர் உயர்தர வகுப்பொன்றில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது, பின்வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி பாடநூலுக்குள் வேறொரு நூலை வைத்துப் படிப்பதைக் கண்டேன். அதனைப் பறித்தெடுத்து, வகுப்பார் அனைவரும் கேட்க அவளைக் கடிந்துகொண்டேன். அது மங்கா எனப்படும் யப்பானியச் சித்திரக்கதை நூல், ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டிருந்தது. பல்கலைக்கழக மாணவர்களான இரு வாலிபர் ஒருவரையொருவர் காதலிக்கத் தொடங்குவதே கதை. எத்தகைய நூலென்று அறியவேண்டும் என்ற சாட்டில் அன்றிரவு அதனைத் திறந்தேன். அறைக் கதவையும் சாத்திக்கொண்டேன். அவ்விருவரும் கைகோத்துக்கொள்வதற்கே நூறு பக்கங்கள் சென்றன. ஆயினும் நூலைக் கீழே வைக்க இயலவில்லை. முடித்தபோது நள்ளிரவு கடந்துவிட்டது. அடுத்த பாகம் எங்கே கிடைக்கும் என்ற எண்ணமே எனக்கு முதலில் எழுந்தது. வெட்கம் அதன் பின்னரே வந்தது.

அந்த வெட்கந்தான் என்னை ஆராயத் தூண்டியது. போய்ஸ் லவ் என்று உலகெங்கும் வழங்கும் இவ்வகைக் கதைகளில் காதலர் இருவரும் ஆண்கள். ஆனால் அவற்றை வரைவோரிலும் படிப்போரிலும் பெரும்பாலோர் பெண்கள். இவ்வியப்புக்குரிய வழக்கத்தின் ஊற்றைத் தேடிப் பின்னோக்கிச் சென்றபோது, ஒரு சித்திரமேனும் வரையாத ஓர் அம்மையார் எதிர்ப்பட்டார். அவரே மோரி மாரி.

மாரி என்றதும் நமக்கு மழை நினைவுக்கு வரும். ஆனால் அது ஐரோப்பியப் பெண்களின் பெயர். அதனை எழுதத் தந்தையார் தேர்ந்தெடுத்த சீன எழுத்துக்களோ மல்லிகையைக் குறிப்பன. அம்மலரின் சீனப் பெயர் வடமொழியின் மல்லிகா என்னும் சொல்லிலிருந்து சென்றது என்பர் மொழியறிஞர். ஆகவே எங்கள் முற்றத்து மல்லிகைக்கும் ரோக்கியோவில் 1903ஆம் ஆண்டு ஜனவரி 7ஆம் நாள் பிறந்த அக்குழந்தையின் பெயருக்கும் சிறிது உறவுண்டு.

தந்தையார் மோரி ஓகாய், புதிய யப்பானிய இலக்கியத்தைச் சமைத்த பெருமக்களுள் ஒருவர். ஜேர்மனியில் மருத்துவம் பயின்றவர். தரைப்படையின் தலைமை மருத்துவராக உயர்ந்தவர். கேதேயின் பவுஸ்ட் நாடகத்தை யப்பானிய மொழியில் தந்தவர். இத்தகைய மதிப்பு வாய்ந்த மனிதர் 1909இல் ஒரு நாவலை எழுதினார். ஒருவனுடைய வாழ்வில் காம உணர்வு எவ்வாறு அரும்பி வளர்கின்றது என்பதைக் கூறும் ‘வீட்டா செக்சுவாலிஸ்’ என்பது அதன் பெயர். மாணவர் விடுதிகளில் ஆண்கள் ஆண்களை நாடிய வழக்கத்தையும் அவர் அதில் ஒளிக்கவில்லை. அது வெளிவந்த சஞ்சிகையின் இதழை அரசாங்கம் தடை செய்தது. அப்போது மாரிக்கு ஆறு வயது. தடை செய்யப்பட்ட எழுத்து எது, போற்றப்படும் எழுத்து எது என்பதெல்லாம் காலத்தின் கையில் இருப்பது என்பதற்கு அவ்வீடே சான்றாயிற்று.

ஓகாய் தம் மகளிடம் வைத்த அன்புக்கு அளவில்லை. 1908இல் குக்கல் நோய் அவருடைய கைக்குழந்தையொன்றைக் கொண்டுசென்றது; மாரியும் பிழைப்பது அரிது என்று கைவிடப்பட்ட நிலையிலிருந்து மீண்டாள். அதன் பின்னர் தந்தையின் பரிவு இரட்டித்தது. வளர்ந்த பின்னரும் அவருடைய மடியில் அமர்ந்திருந்ததை மாரி தம் கட்டுரைகளில் சலிக்காமல் எழுதினார். தாம் செய்வதெல்லாம் அழகு, தாம் விரும்புவதெல்லாம் நியாயம் என்ற எண்ணம் அம்மடியிலேயே அவருக்குப் பதிந்தது. அஃது அவருக்கு வாய்த்த பேறு. பிற்காலத்தில் பெருந்துன்பங்களுக்குக் காரணமானதும் அதுவே.

1919இல், தமது பதினாறாம் வயதில், பிரெஞ்சு இலக்கிய அறிஞர் ஒருவருக்கு அவர் மணமுடித்துக் கொடுக்கப்பட்டார். 1922இல் கணவருடன் வாழப் பாரிஸ் சென்றார். அந்நகரின் உணவும் உடையும் தெருக்களும் அவர் உள்ளத்தில் ஆழமாகப் பதிந்தன. ஆனால் அதே ஆண்டு ஜூலை 9ஆம் நாள் ஓகாய் காலமானார். உலகிலேயே தம்மைக் குறையின்றி நேசித்த ஒருவரின் முகத்தை இறுதியாகப் பார்க்க மாரிக்கு வாய்க்கவில்லை. அவர் எழுதியவற்றுள் பெரும்பகுதி அந்த இழப்பைச் சுற்றியே வருகின்றது எனக் கூறின் மிகையாகாது.

தாயகம் திரும்பிய பின் இல்லறம் நிலைக்கவில்லை. 1927இல் இரு புதல்வர்களையும் கணவர் வீட்டில் விட்டுப் பிரிந்து வந்தார். 1930இல் செண்டாய் நகரப் பேராசிரியர் ஒருவரை மறுமணம் செய்தார். மறு ஆண்டே அதுவும் முறிந்தது. தலைநகருக்குச் சென்று நாடகம் பார்த்து வரும்படி அனுப்பப்பட்டவர் பின்னர் திரும்ப அழைக்கப்படவேயில்லை என்று கூறுவர். வீட்டு வேலை எதுவும் அறியாத, தம் விருப்பத்தை மறைக்கத் தெரியாத பெண்ணுக்கு அக்காலத்து மனைவி என்ற ஆசனம் பொருந்தவில்லை. இருமுறை அமர்ந்து பார்த்து, இருமுறையும் எழுப்பப்பட்டார்.

அதன்பின் இருபது ஆண்டுகளுக்கு மேலாக அவரை இலக்கிய உலகம் பொருட்படுத்தவில்லை. தந்தையின் நூல்களுக்கான உரிமைத்தொகையே வாழ்வுக்கு ஆதாரமாக இருந்தது. அக்காலத்து யப்பானியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து முப்பது ஆண்டுகளில் பதிப்புரிமை நீங்கிவிடும். 1950களின் தொடக்கத்தில் அந்த வருவாயும் நின்றது. ஐம்பதை எட்டிய அம்மையார், வறுமை வாயிலில் வந்து நிற்கப் பேனாவைக் கையில் எடுத்தார். 1957இல் ‘தந்தையின் தொப்பி’ என்ற கட்டுரைத் தொகுதி வெளிவந்து யப்பானியக் கட்டுரையாளர் கழகத்தின் பரிசைப் பெற்றது. பெருமகனாரின் மகள் நினைவுக் குறிப்புகள் எழுதுவது இயல்பே என்று உலகம் எண்ணியது; அடுத்து அவர் எழுதப்போவதை எவரும் எதிர்பார்க்கவில்லை.

பிரெஞ்சு நடிகர்களான அலன் டெலோன், ழான் குளோட் பிரியாலி ஆகிய இருவரும் சேர்ந்திருந்த ஒரு நிழற்படம் அவர் கண்ணிற்பட்டது. அவ்விருவரிடையே ஒரு கதை இருப்பதாக அவருக்குத் தோன்றியது. அதிலிருந்து பிறந்ததே 1961இல் வெளிவந்த ‘காதலர் காடு’ என்னும் குறுநாவல். பிரெஞ்சு இரத்தம் கலந்த கிடோ என்னும் கல்விமானும், பவுலோ என்னும் அழகிய இளைஞனும் காதல் கொள்கின்றனர். கிடோவை முன்னர் நேசித்த ஒரு சீமாட்டியின் பொறாமை இறுதியில் அவனது உயிரைக் குடிக்கின்றது. நிகழ்ச்சிகள் சிலவே. ஆனால் அவர்கள் அணியும் உடை, புகைக்கும் சுருட்டு, அருந்தும் மது, சாளரத்தில் விழும் ஒளி ஆகிய அனைத்தையும் மாரி ஆபரணம் செய்பவரின் பொறுமையுடன் இழைத்திருந்தார். அந்நூலுக்குப் பெண் எழுத்தாளர்க்கென ஏற்பட்ட தமுரா தோஷிகோ பரிசு கிடைத்தது. மிஷிமா யுக்கியோ போன்ற முன்னணிப் படைப்பாளி அவருடைய நடையைப் பெரிதும் பாராட்டினார். 1962இல் ‘சருகுப் படுக்கை’ வந்தது. அதிலும் இரு ஆண்கள், அதிலும் மரணமே முடிவு.

ஆண்கள் ஆண்களை நேசிக்கும் கதை யப்பானுக்குப் புதிதன்று. இஹாரா சாய்க்கக்கு என்னும் பேராசிரியர் 1687இலேயே அத்தகைய கதைகளைப் பெருந்தொகுதியாக வெளியிட்டார். ஆனால் அது ஆண் ஆண்களுக்காக எழுதியது. மாரியின் கதைகளில் புதுமை யாதெனில், பார்க்கும் கண் பெண்ணுடையது என்பதே.

இதில் என்ன பெருமை என்று வாசகர் கேட்கலாம். நான் படித்து வளர்ந்த காதற் கதைகளை எண்ணிப் பார்க்கின்றேன். அவற்றின் கதாநாயகி எப்பொழுதும் எவராவது பார்த்துக்கொண்டிருக்கும் ஒருத்தி. அவள் அழகு அளக்கப்படும், கற்பு சோதிக்கப்படும், இறுதியில் அவள் ஒரு வீட்டுக்கு மருமகளாவாள். அவளுடைய இடத்தில் என்னை வைத்தே நான் படிக்கவேண்டியிருந்தது. சீதனமும் சாதகமும் ஊரார் வாயும் என்னுடன் கூடவே கதைக்குள் வந்துவிடும். அன்றிரவு நான் படித்த சித்திரக்கதையிலோ எனக்கென்று ஓர் இடமுமில்லை. ஆதலால் எவரும் என்னைப் பார்க்கவில்லை. வாழ்நாளில் முதன்முறையாகக் காதலைச் சும்மா நின்று பார்க்க முடிந்தது. இரு மணவாழ்க்கையிலும் அளந்து பார்க்கப்பட்டுக் குறைவானவளெனத் தள்ளப்பட்ட மாரி, பெண்ணே இல்லாத காட்டினுள் காதலைக் கொண்டுபோய் வைத்ததன் காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

வியப்பு என்னவெனில், அவர் எதையும் ஒளிக்கவில்லை. செத்தகாயாப் பகுதியில் சிறிய வாடகை அறையொன்றில் தனியே வாழ்ந்தார். ஷிமோகிட்டாசாவாவிலுள்ள ஒரு தேநீர்ச்சாலைக்கு நாள்தோறும் சென்று, பலர் நடுவில் அமர்ந்து மணிக்கணக்காக எழுதினார். அறை நிறையப் பத்திரிகைகள் குவிந்து கிடந்தன. ஆனால் ஒரு கண்ணாடிக் குப்பியின் நிறமும் ஒரு துவாயின் சாயமும் அவருக்கு அரண்மனைச் செல்வங்களாகத் தோன்றின. அந்த வாழ்வை ‘ஆடம்பர வறுமை’ என்ற பெயரில் 1963இல் நூலாக்கினார். இன்பம் என்பது மன்னிப்புக் கேட்கவேண்டிய பொருளன்று என்பதே தந்தையின் மடியில் அவர் கற்ற பாடம்.

அவருக்குப் பின் வந்தோர்க்கு அந்தத் துணிவு எளிதில் வாய்க்கவில்லை. 1970இல் தக்கெமியா கேய்கோவும், மறு ஆண்டில் ஹகியோ மோட்டோவும் சிறுமியர் சஞ்சிகைகளில் இத்தகைய சித்திரக்கதைகளை வரைந்தனர். அவர்கள் ஹேர்மன் ஹெஸ்ஸேயின் நாவல்களிலிருந்தும் ஐரோப்பியத் திரைப்படங்களிலிருந்தும் விளக்கேற்றிக்கொண்டவர்கள். 1978இல் தோன்றிய ஜூன் என்னும் சஞ்சிகையில் எழுதிய குரிமோட்டோ கவோரு போன்றோரோ மாரியின் கதைகளால் ஊக்கம் பெற்றவர்கள். இவ்விரு ஓடைகளும் கலந்தே இன்றைய பெருவெள்ளமாயின. ஆனால் இவ்வெழுத்துக்கு அதனை ஆக்கியோர் இட்ட பெயரைப் பாருங்கள்: யாவோய். உச்சமில்லை, முடிவில்லை, பொருளில்லை என்ற மூன்று சொற்றொடர்களின் முதலெழுத்துக்கள் அவை. பின்னாளில் வாசகியர் தமக்குத் தாமே இட்டுக்கொண்ட பெயர் இன்னும் கடுமையானது. மாதர் என்று பொருள்படும் சொல்லின் ஓரெழுத்தை மாற்றி, அழுகிய பெண்கள் என்று தம்மை அழைத்துக்கொண்டனர். பிறர் ஏசுமுன் தம்மைத் தாமே ஏசிச் சிரித்துவிட்டால் நோவு குறையும் அல்லவா?

ஆயினும் அவர்கள் கூசவேண்டிய இடம் வேறொன்று இருந்தது. 1992இல், ஆண்களை நேசிக்கும் ஆண் ஒருவர் பெண்களின் சிறுபத்திரிகையொன்றில் இக்கதைகளைக் கண்டித்து எழுதினார். தம்மைப் போன்றோரின் சாயலை இரவல் வாங்கி இன்புறும் பெண்கள், தம்மைப் போன்றோர் உண்மையில் படும் துயரை எண்ணுவதில்லை என்பது அவரது குறை. அந்த விவாதம் சில ஆண்டுகள் நீடித்தது. மாரியின் நாயகர்களும் அழகிய பதுமைகளே. வாடகை கொடுக்கவும் வேலை தேடவும் அவர்கள் தெருவில் இறங்குவதில்லை. இக்குறையை மறைத்து அவரைப் புகழ்வது நேர்மையாகாது. படித்து மகிழ்வது குற்றமன்று. ஆனால் கதையில் வரும் காதலருக்காகக் கண்ணீர் விட்டுவிட்டு, அயலில் வாழும் அத்தகைய மனிதரை எள்ளி நகையாடினால் அது குற்றமே.

மாரி அம்மையார் பத்தாண்டு உழைப்பின் பயனாக 1975இல் ‘இன்தேன் அறை’ என்னும் பெருநாவலை முடித்து இசுமி கியோக்கா பரிசைப் பெற்றார். அதில் மீண்டும் ஒரு தந்தை, மீண்டும் ஒரு மகள். எண்பது வயதைக் கடந்த பின்னரும் வார இதழொன்றில் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பற்றிக் கூர்மையான பத்தி எழுதிவந்தார். 1987ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள், தமது 84ஆம் வயதில், தம் அறையிலே தனியே உயிர் நீத்தார். இரண்டு நாட்களின் பின்னரே, வீட்டு வேலைக்கு வந்தவர் கண்டார். இதனைப் பரிதாபமான முடிவென்று சிலர் எழுதினர். தாம் விரும்பியபடி வாழ்ந்த அறையிலேயே அவர் கண்மூடினார் என்பதையும் உடன் எழுதியிருக்கலாம்.

அந்த மாணவியின் நூலை மறுநாளே திருப்பிக் கொடுத்திருக்கவேண்டும். ஒரு வாரம் என் மேசை இழுப்பறையிலே வைத்திருந்தேன். ஒழுக்கத்தைக் காப்பதற்காக அன்று, மீண்டும் ஒருமுறை படிப்பதற்காக. கொடுத்தபோது அவள் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டாள். வகுப்பு நேரத்தில் படித்ததற்காக மட்டும் அம்மன்னிப்பை ஏற்றுக்கொண்டேன். அடுத்த பாகம் அவளிடம் இருக்கின்றதா என்று கேட்க என் நா எழவில்லை. மோரி மாரி அம்மையாராயிருப்பின் கேட்டிருப்பார்.