கண்ணாடியின் பொருட்டுப் பதவி துறந்த மந்திரி

பார்வை மங்கிய ஒருவன் தன் கண்ணைச் சோதித்துக்கொண்டு கண்ணாடி பெறுவதற்கு ஆகும் செலவை ஏற்க வேண்டியவர் யாவர்? அவனா, அவனுக்குக் கூலி கொடுக்கும் முதலாளியா, அன்றி நாட்டின் பொதுப் பொக்கிஷமா? கேட்ட அளவில் இஃது அற்பமான வினாவாகவே தோன்றும். ஆயினும் 1951-ம் ஆண்டில் இவ்வினாவைப் பற்றி எழுந்த பிணக்கினால் பிரிட்டிஷ் அரசாங்கத்தினின்றும் மூவர் விலகினர்; ஆளுங்கட்சி இரண்டுபட்டது. அம்மூவருள் முதல்வராகிய அனைரின் பெவன் என்பாரது வரலாற்றை நம் கல்லூரி அன்பர்களுக்கு இயன்றவரை சுருக்கி உரைக்கப் புகுகின்றோம்.

பெவன் 1897-ம் ஆண்டு நவம்பர் மாதம் 15-ந் தேதி தென்வேல்ஸிலுள்ள திரெடீகர் என்னும் நிலக்கரிச் சுரங்க ஊரிற் பிறந்தார். தந்தையார் சுரங்கத் தொழிலாளி. தாயார் தையல் வேலையில் வல்லவர். பிள்ளைகள் பதின்மர், அவருட் சிலர் இளமையிலேயே இறந்தனர். பள்ளிக்கூடம் பெவனுக்கு இன்பந் தரவில்லை. நாத் திக்கும் குறை வேறு அவரை வருத்திற்று. பதின்மூன்றாம் வயதிற் பள்ளியை விட்டுச் சுரங்கத்தினுள் இறங்கினார். ஆயினும் கல்வியை விட்டாரல்லர். தொழிலாளர் தம் காசைச் சேர்த்து அமைத்திருந்த வாசகசாலையின் நூல்களை இரவு நெடுநேரம் வரை படித்துத் தீர்த்தார். நாவுக்கு அடங்காத சொல் வரும்போதெல்லாம் அதற்கீடான வேறொரு சொல்லை உடனே தேடிக்கொள்ளும் பழக்கத்தினாலேயே அவரது சொல்வளம் பெருகிற்று என்பர். பிற்காலத்தில் பார்லிமெண்டில் சர்ச்சிலுக்கு எதிர்நின்று வாதாடவல்ல நாவலர் சிலருள் ஒருவராய் விளங்கியவர் இத்திக்குவாய்ச் சிறுவரே.

மங்கிய விளக்கொளியிற் பன்னாள் கரி வெட்டுவோர்க்குக் கண்மணிகள் நிலைகொள்ளாது துடிக்கும் நோய் ஒன்று அக்காலத்தில் உண்டாவது வழக்கம். நிஸ்டாக்மஸ் எனப்படும் அந்நோய் பெவனையும் பற்றிற்று. முதல் உலகப்போரில் அவரைப் படைக்கு அழைத்தபோது இந்நோயைக் குறித்த வைத்தியச் சான்றினாலேயே விடுபட்டார். ஆகவே ஏழைத் தொழிலாளியின் கண் எவ்வாறு கெடுகின்றது என்பதைப் புத்தகத்திற் படித்தறிய வேண்டிய நிலை அவருக்கு இருந்ததில்லை. 1925-ம் ஆண்டில் அவர் தந்தையார் நுரையீரலிற் கரித்தூசி படிந்த நோயால் மகன் கைகளிலேயே உயிர்விட்டார். அந்நோய் தொழிலினால் வந்ததென்று சட்டம் அந்நாளில் ஒப்புக்கொள்ளாமையால் குடும்பத்திற்கு நஷ்டஈடு ஒரு காசும் கிடைக்கவில்லை.

திரெடீகரில் மற்றொரு காட்சியும் அவர் கண்முன் இருந்தது. அவ்வூர்த் தொழிலாளர் தங்கள் கூலியில் பவுனுக்குச் சில பென்னி வீதம் கொடுத்து ஒரு வைத்திய உதவிச் சங்கம் நடத்தி வந்தனர். வைத்தியர், மருந்து, ஆஸ்பத்திரி மட்டுமன்றிப் பொய்ப்பல்லும் மூக்குக்கண்ணாடியும் அச்சங்கத்தின் வாயிலாகவே உறுப்பினர் குடும்பங்களுக்குக் கிடைத்தன. ஊராரிற் பெரும்பாலார் அதில் அடங்கினர். வலியவன் நோயுற்றோனுக்காகக் கொடுத்தான். தன் முறை வந்தபோது தான் பெற்றான். அங்கே எவரும் தம் வறுமைக்குச் சான்று காட்டி நிற்க வேண்டியதில்லை. அச்சங்கத்தின் ஆஸ்பத்திரிக் குழுவில் பெவன் பணியாற்றினார். நாவலாசிரியர் குரோனின் என்பாரும் இளமையில் இச்சங்கத்தின் வைத்தியராயிருந்தவரே.

1929-ம் ஆண்டில் எப்பு வேல் தொகுதியினின்றும் பார்லிமெண்டுக்குச் சென்ற பெவன் தம் ஆயுள் முழுமையும் அத்தொகுதிக்கே பிரதிநிதியாயிருந்தார். 1931-ம் ஆண்டிற்குப்பின், வேலையிழந்தோர்க்கு உதவி கொடுக்குமுன் அவர் வீட்டிலுள்ளோர் எல்லாருடைய வருவாயையும் துருவி ஆராயும் முறை வந்தது. தந்தை மகன் கூலியை எதிர்பார்த்து நிற்கவும், மகன் வீட்டை விட்டு வெளியேறவும் இடஞ்செய்த அம்முறையை அவர் கடுமையாக எதிர்த்தார். அந்த வெறுப்பு அவரை விட்டு என்றும் நீங்கிற்றில்லை.

1945-ம் ஆண்டில் தொழிற்கட்சி வென்றது. அட்லி பிரதம மந்திரியானார். பெவன் சுகாதார மந்திரியானார். 1946-ம் ஆண்டிற் சட்டமாகிய தேசிய சுகாதார சேவை 1948-ம் ஆண்டு ஜூலை 5-ந் தேதி தொடங்கிற்று. இடையில் வைத்தியர் சங்கத்தார் செய்த எதிர்ப்புச் சிறிதன்று. 1948-ம் ஆண்டுப் பிப்ரவரியில் அவர் எடுத்த வாக்கில் பத்தில் ஒன்பது பங்கினர் மறுத்தே நின்றனர். ஆஸ்பத்திரிப் பெரு வைத்தியர்களுக்குத் தனி நோயாளரைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுத்தும், குடும்ப வைத்தியர்களை முழுச் சம்பள ஊழியராக்குவதில்லை என்று உறுதி கூறியும் அவர் காரியத்தை முடித்தார். கொள்கையில் வணங்காதவர் எனப் பெயர்பெற்றவர் வேண்டுமிடத்து இவ்வளவு வளைந்தார் என்பது நாம் கருதத்தக்கது.

அந்நாள் முதல் கண் சோதனையும் கண்ணாடியும் விலையின்றிக் கிடைத்தன. அதற்குமுன் ஏழைகள் பலர் ஊல்வொர்த் கடைகளிற் குவித்து வைத்த ஆறு பென்னிக் கண்ணாடிகளை ஒவ்வொன்றாய் மூக்கில் மாட்டிப் பார்த்து, எழுத்துச் சற்றே தெளிந்ததை வாங்கிச் செல்வர். சோதனை செய்வாருமில்லை, நோய் காண்பாருமில்லை. கரும்பலகை தெரியாமல் முன்வரிசை தேடும் நம் மாணவர் இதன் துன்பத்தை எளிதில் உணர்வர். இலவசம் என்றதும் நாடெங்கும் மக்கள் திரண்டனர். முதலாண்டிலேயே ஐம்பது லட்சம் கண்ணாடிகளுக்கு மேல் வழங்க நேர்ந்தது. கணக்கர் மதிப்பு முற்றும் பொய்த்தது. இதனை ஊதாரித்தனம் என்றார் சிலர். பல்லாண்டு அடக்கி வைத்த குறையே அணை உடைந்தாற்போல வெளிப்பட்டது என்றார் பெவன். நாம் அவர் பக்கமே சாய்கின்றோம். கண் நன்றாயிருப்பவன் விளையாட்டுக்காகக் கண்ணாடி அணிந்து திரிவது அரிது.

கொரியப் போர் வந்தது. படைச் செலவுக்கென மூன்றாண்டுகளில் 470 கோடிப் பவுன் திட்டமிடப்பட்டது. 1951-ம் ஆண்டு ஏப்ரல் 10-ந் தேதி நிதி மந்திரி கெய்ட்ஸ்கெல் தம் வரவுசெலவுத் திட்டத்தில், பொய்ப்பல்லுக்கும் கண்ணாடிக்கும் ஏறக்குறைய பாதி விலையை மக்கள் கொடுக்க வேண்டுமென்று விதித்தார். அவ்வாண்டில் மிச்சமாவது ஒரு கோடியே முப்பது லட்சம் பவுன். சுகாதார சேவையின் மொத்தச் செலவோ ஏறக்குறைய நாற்பது கோடி. கெய்ட்ஸ்கெல் கல்நெஞ்சர் அல்லர். பணம் அளவுடையது, ஆஸ்பத்திரி முதலிய பெருந்தேவைகள் காத்திருக்கின்றன, கொடுக்க வல்லவர் கொடுக்கட்டும், மாட்டாத ஏழைக்கு வேறு உதவி உண்டு என்பது அவர் வாதம். இவ்வாதத்தில் நியாயமில்லை என்று கூற நாம் துணியோம்.

பெவனோ, கட்டணம் ஒருமுறை நுழைந்துவிடின் பின் ஒவ்வொரு நெருக்கடியிலும் வளரும் என்றும், ஏழை இவன், ஏழையல்லன் இவன் என்று பிரிக்கும் சோதனை மீண்டும் தலைகாட்டும் என்றும் கண்டார். அத்துணைப் பெரும் படைச்செலவை அவ்வேகத்தில் நாடு தாங்காது என்பதும் அவர் துணிபு. ஏப்ரல் 22-ந் தேதி அவரது இராஜிநாமா வெளியாயிற்று. அப்போது அவர் தொழில் மந்திரி. வர்த்தக மந்திரி ஹரால்ட் வில்ஸனும் துணைமந்திரி ஜான் பிரீமனும் உடன் விலகினர். 1949-ம் ஆண்டில் மருந்துச் சீட்டுக்கு ஒரு ஷில்லிங் வாங்க இடந்தரும் சட்டத்திற்குப் பெவன் தாமே இசைந்ததைப் பகைவர் எடுத்துக் காட்டினர். அக்குற்றச்சாட்டுக்கு அவர் தந்த விடை நமக்கு நிறைவளிக்கவில்லை. நிதி மந்திரிப் பதவி தமக்குக் கிட்டாது கெய்ட்ஸ்கெலுக்குப் போன மனக்கசப்பும் கலந்திருந்தது என்பர். இருக்கலாம். மனிதர் ஒரு காரணத்தாலேயே இயங்குவதில்லை. அவ்வாண்டு அக்டோபரில் தொழிற்கட்சி ஆட்சி இழந்தது. அடுத்த ஆண்டிலேயே எதிர்க்கட்சியார் மருந்துச் சீட்டுக்கும் ஒரு ஷில்லிங் விதித்தனர். படைச்செலவும் திட்டமிட்டபடி நடக்கவில்லை.

பின்னர்ப் பெவன் கெய்ட்ஸ்கெலோடு சமாதானமாகி 1959-ம் ஆண்டிற் கட்சியின் துணைத்தலைவரானார். 1960-ம் ஆண்டு ஜூலை மாதம் 6-ந் தேதி வயிற்றிலுண்டான புற்றுநோயால் இறந்தார். அவரது சாம்பல் திரெடீகருக்கு மேலுள்ள குன்றுகளில் தூவப்பட்டது.

1951-ம் ஆண்டில் கண்ணாடிக்கு விலை வந்ததேயன்றிக் கண் சோதனைக்குக் கட்டணம் வரவில்லை என்பதை நாம் மறத்தலாகாது. கண்ணாடி ஒரு பொருள்; சோதனையோ நோயறியும் செயல். குளோக்கோமா என்னும் கண்ணழுத்த நோய் வலியின்றிப் பார்வையைத் தின்பது. அதனையுடையான் நோய் முற்றும்வரை தனக்குக் குறையுண்டென்றே அறியான். அத்தகையவன் கட்டணங் கொடுத்துச் சோதனைக்குப் போவானா? இவ்வாதம் 1988-ம் ஆண்டில் பார்லிமெண்டில் வலுவாக எழுந்தும் பயனில்லை. 1989-ம் ஆண்டு ஏப்ரல் முதல் சிறுவர், வறியோர், குளோக்கோமாவும் நீரிழிவும் உடையோர் முதலிய சிலர் நீங்கலாக மற்றையோர் சோதனைக்கும் பணங்கொடுக்க நேர்ந்தது. 1999-ம் ஆண்டில் அறுபது வயது கடந்தோர்க்கு அவ்வுரிமை மீண்டது. 2006-ம் ஆண்டில் ஸ்காட்லாந்து யாவர்க்கும் சோதனையை இலவசமாக்கிற்று. பெவன் பிறந்த வேல்ஸ் நாடு இன்னும் அவ்வாறு செய்யவில்லை. திரெடீகரில் நடுத்தர வயதினனாய், நோய்க்குறி யாதுமின்றி, போதிய கூலியும் பெறும் ஒருவன் வழக்கமான கண் சோதனைக்குத் தன் பையினின்றே கொடுத்து வருகின்றான்.