இடக்கையால் வென்ற காரோலி தக்காச்

குருதட்சிணையாக வலக்கைப் பெருவிரலை அளித்த ஏகலைவன், பின்னர் எஞ்சிய விரல்களால் அம்பெய்தான் எனினும் முன்னைய விரைவை எய்தினானல்லன் என்று பாரதம் கூறும். கையை இழந்தும், விரைந்து சுடுதலிலேயே உலகை வென்ற ஒருவர் சென்ற நூற்றாண்டில் ஹங்கேரி நாட்டில் வாழ்ந்தார். அவரே காரோலி தக்காச் என்னும் கைத்துப்பாக்கி வீரர்.

1910 ஆம் ஆண்டு புடாபெஸ்ற் நகரிற் பிறந்த தக்காச், படையிற் சேர்ந்து இலக்குத் தவறாதவரெனப் பெயரெடுத்தார். ஆயினும் 1936 இல் பேர்லினில் நிகழ்ந்த ஒலிம்பிக் போட்டிக்கு அவரை அனுப்பினாரல்லர். அவர் சார்ஜன்ட், படையதிகாரிகளுக்கே அக்குழுவில் இடமுண்டு என்பது அந்நாளைய விதி. அத்தடை பின்னர் நீங்கியது. நீங்கியும் பயனென்னை? 1938 இல் படைப்பயிற்சியின்போது பழுதுற்ற கைக்குண்டொன்று வெடித்து அவர் வலக்கையைச் சிதைத்தது.

ஒரு திங்கள் மருத்துவமனையிற் கிடந்தவர், வெளிவந்தபின் பிறரறியாது இடக்கையாற் சுடப் பழகலானார். இலக்கை நோக்கும் முறையைக் கண் அறியும். இடக்கையோ அரிச்சுவடி தொடங்கும் மாணவன் போன்றது.

சுடப் பழகுவோர் பலர் நடுப்புள்ளியைத் துளைப்பதே முதற்பாடம் என்று கருதுவர். அஃதன்று, குண்டுகள் யாவும் ஓரிடத்தே நெருங்கி விழுதலே முதற்பாடம். நெருங்கி விழுந்தவை நடுவினின்று விலகியிருப்பின், துப்பாக்கியின் நோக்குக்குறியைச் சிறிது திருத்தி அவற்றை நடுவுக்குக் கொணரலாம். சிதறி விழுவனவற்றை அவ்வாறு திருத்த இயலாது. ஆதலின், நிற்கும் நிலை, கைப்பிடி, மூச்சு, விசையை அழுத்தும் விரல் ஆகிய யாவும் ஒவ்வொரு முறையும் ஒன்றுபோல அமைதல் வேண்டும். விரல் வெடுக்கென இழுப்பின் துப்பாக்கியின் வாய் அசையும். குண்டு புறப்பட்ட பின்னரும் கணநேரம் நிலை கலையலாகாது. இவ்வொருமை ஒருநாட் பெருமுயற்சியால் வருவதன்று. நாடோறும் செய்யும் பயிற்சியால் வருவது. தக்காச் பயின்ற போட்டியிலோ இருபத்தைந்து மீற்றர் தொலைவில் நிற்கும் ஐந்து இலக்குகளைச் சில நொடிகளுள் சுடல் வேண்டும். அங்கே எண்ணித் திருத்த நேரமில்லை. பழகிய கையே வழிநடத்தும்.

1939 இல் நாட்டின் போட்டிக் களத்துக்கு அவர் வந்தபோது, பார்க்க வந்தாரென்றே ஏனையோர் எண்ணினர். அவரோ போட்டியிட்டு வென்றார். அவ்வாண்டே உலகப் போட்டியில் வென்ற ஹங்கேரிக் குழுவிலும் இடம்பெற்றார். பின்னர்ப் போர் மூண்டமையால் 1940, 1944 ஆம் ஆண்டுகளின் ஒலிம்பிக் போட்டிகள் நடைபெறவில்லை.

1948 இல், முப்பத்தெட்டாம் வயதில், இலண்டன் சென்றார். உலக வெற்றியாளராய் விளங்கிய ஆர்ஜென்ரீன வீரர், அவர் வந்ததன் நோக்கத்தை வினவினார். கற்றுக்கொள்ள வந்ததாகத் தக்காச் விடையிறுத்தார். அறுநூறு புள்ளிகளுள் 580 பெற்று உலக சாதனையுடன் பொற்பதக்கம் வென்றபோது, அவர் கற்றது போதுமென அவ்வீரரே ஒப்புக்கொண்டார். 1952 இல் ஹெல்சிங்கியிலும் தக்காச் 579 புள்ளிகளுடன் முதலிடம் பெற்றார். அப்போட்டியில் இருமுறை தொடர்ந்து ஒலிம்பிக் பொற்பதக்கம் வென்ற முதல்வர் அவரே. பின்னர்ப் பிறர்க்குப் பயிற்றுநராகவும் விளங்கி, 1976 இல் மறைந்தார்.

பிழையின்றி ஒருமுறை செய்துவிட்ட மாணவன் கற்றுவிட்டதாக மகிழ்கின்றான். அதனையே நூறுமுறையும் ஒன்றுபோலச் செய்ய வல்லவனே கற்றவன். இலண்டனில் தம்மைக் கற்பவரெனக் கூறிக்கொண்ட அவ்வீரர் பத்தாண்டுகளாகப் பயின்றது இப்பாடமே.