பதவியில் இருந்துகொண்டே பட்டம் பெற்றவர்

பகலெல்லாம் அலுவலகத்தில் உழைத்துவிட்டு, இரவில் சட்டப் புத்தகத்தை விரிக்கும் இளைஞர்கள் நம் பங்கிலும் உண்டு. வயது ஏறிவிட்டதே, இனிப் படித்து என்ன ஆகப்போகிறது என்று வீட்டார் கேட்பர். சில வேளை அவர்கள் மனமே கேட்கும். அவர்களை எண்ணியே, சமய வேறுபாடு பாராமல், சர் தி. முத்துசாமி ஐயர் அவர்களை இம்மலரில் நினைவுகூர விழைகிறோம்.

தஞ்சை மாவட்டத்து ஏழைக் குடும்பம் ஒன்றில் 1832இல் பிறந்த அவர், இளமையிலேயே தந்தையை இழந்தார். கிராமக் கணக்கருக்கு உதவியாளாக மாதம் ஒரு ரூபாய் சம்பளத்தில் வேலை பார்த்தார். சிறுவனின் கூரிய அறிவைக் கண்டு வியந்த தாசில்தார் முத்துசாமி நாயக்கர், அவரை நாகப்பட்டினத்து மிஷன் பள்ளியிலும் பின்னர் சென்னையிலும் படிக்க வழிசெய்தார். 1854இல் ஆங்கிலக் கட்டுரைப் போட்டியில் 500 ரூபாய் பரிசு அவருக்குக் கிடைத்தது.

1856இல் வக்கீல் தேர்வில் தேறித் தரங்கம்பாடியில் முன்சீப் ஆனார். பிறகு மங்களூரில் சப் ஜட்ஜ். 1868 முதல் சென்னையில் மாஜிஸ்திரேட். ஊதியமும் மதிப்பும் வந்துவிட்டன. இனிப் படிப்பு எதற்கு என்று வேறொருவர் இருந்திருப்பார். இவரோ, பகலில் வழக்கு விசாரித்துவிட்டு, எஞ்சிய நேரத்தில் மாணவரானார். தேர்வில் தவறினால் ஊர் நகைக்குமே என்று அஞ்சவில்லை. 1871இல், தம் 39ஆம் வயதில், பி.எல். பட்டம் பெற்றார்.

1878இல் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியானார். அப்பதவியில் அமர்ந்த முதல் இந்தியர் அவரே. ஆங்கிலேயர் நடத்திய பத்திரிகைகள் இந்த நியமனத்தைக் குறை கூறின. அதற்கு மறுமொழி தர ஆறு இளைஞர்கள் முன்வந்தனர். இருவர் ஆசிரியர்கள், நால்வர் சட்ட மாணவர்கள். ஒரு ரூபாய் பன்னிரண்டு அணா கடன் வாங்கி, 80 பிரதிகள் அச்சிட்டு, அவ்வாண்டு செப்டம்பர் 20இல் அவர்கள் தொடங்கியதே 'இந்து' பத்திரிகை. படித்து உயர்ந்த ஒருவருக்காகப் படித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றது எத்துணைப் பொருத்தம்!

1893இல் சிறிது காலம் தலைமை நீதிபதி பொறுப்பையும் ஏற்ற அவர், 1895 ஜனவரியில் மறைந்தார். உயர்நீதிமன்றத்தில் அவர் சிலை இன்றும் அமர்ந்திருக்கிறது.

வேலைக்கும் படிப்புக்கும் இடையே தவிக்கும் நம் பிள்ளைகளே, மனம் தளர வேண்டாம். உங்கள் வீட்டில் இரவு நெடுநேரம் விளக்கு எரிந்தால், பெற்றோர் கடிந்துகொள்ளாமல் ஒரு குவளைக் காப்பி கொடுக்கட்டும் என்று அன்புடன் வேண்டுகிறோம்.